மெழுகுதிரி ஆட்டமும் ஒரு மாப்பிள்ளையும்

கமீலாவுக்கு இந்த வயதில் நடனம் பழக வேண்டுமென்ற ஆசை துளியும் இருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மருமகள்.

அந்த மருமகளைப் பெற்றவள் லைலா. வெள்ளிக்கிழமை காலை சாய்ந்தமருதில் அஸ்மியாவின் வீட்டு மேல்மாடியில் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய ஆட்டங்களைப் பழக லைலா போகிறாள் என்று காதில் விழுந்ததும், கமீலாவும் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். சரக்கு இறங்குமிடத்தில் முந்திப்போய் நிற்பது அவளுக்குப் பழகிப்போன தொழில். கல்முனைக்குடியில் வீட்டு முன்னறையைக் கடையாக்கி அபாயாத் துணியும் சாறியும் விற்கத் தொடங்கியவள், இன்று கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் தூரத்தில் கண்டாலே கல்குலேற்றரை ஒளித்துவைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

ஆனால் மருமகள் வியாபாரத்தில் அவளுடைய கை கட்டுண்டு கிடந்தது. இந்தக் கரையில் மாப்பிள்ளை கேட்டு வருவது பெண் வீட்டார். ஆண்பிள்ளையைப் பெற்றவள், எதையும் எதிர்பார்க்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். தானாக எழும்பிப் போய் 'உங்கள் மகளைத் தாருங்கள்' என்று கேட்டால், பையனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிடும். என்ன குறை என்பதையும் ஊரே பார்த்து நிரப்பிக்கொள்ளும்.

மகன் முர்ஷித் கட்டாரில் என்ஜினியர். விடுமுறையில் வந்திருந்தான், அடுத்த கிழமை திரும்பிப் போகிறான். ஒலுவில் கம்பஸில் கூடப் படித்த லைலாவின் இளைய மகள் அம்ஹாவைப் பற்றி வந்த அன்றே தாயிடம் சொல்லிவிட்டான். "அம்ஹா இல்லாட்டி எனக்கு இப்ப அவசரம் ஒண்டும் இல்ல உம்மா" என்றான், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பிடிவாதம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

லைலாவும் முன்பு போலிருந்தால் இந்நேரம் கேட்டு வந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போய், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, ஒரே கடைக்காரனை இரண்டு பக்கமும் நின்று பிழிந்தவர்கள். கெட்டது லைலாவின் மூத்த மகளுடைய கலியாணத்தில். மணப்பெண்ணின் சாறித் தலைப்பை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது சாயம் போகும்" என்றாள் கமீலா. மனதில் ஒன்றுமில்லை, கைப்பழக்கம். லைலா அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அன்று பின்னேரம் பார்த்து மழை வந்தது. சாயம் போயே போனது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சேர்ட்டில் ஒரு தோள் முழுக்க ரோஸ் நிறம். கமீலா பிழையாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கிடைத்திருக்கும். சரியாகச் சொன்னவளை யார் மன்னிப்பார்கள்? அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் புருசன் ஸைனுலாப்தீன் ஜும்மாவுக்கான சேர்ட்டை அயர்ன் பண்ணியபடி ஆரம்பித்தார்.

"அஸறுக்குப் பொறகு அக்கரைப்பற்றுல இருந்து முர்ஷித்தக் கேட்டு ஆக்கள் வாறாங்க, தெரியும்தானே?"

"தெரியும்."

"நல்ல குடும்பம். மதிச்சித் தேடி வாறாங்க. நான் ஓம் எண்டு சொல்லப்போறன். லைலா வருவாள், லைலா வருவாள் எண்டு நீ பாத்துக்கிட்டு இருந்தா முர்ஷித்துக்குத் தாடி நரைச்சிரும்."

"அஸறு வரைக்கும் பொறுங்க."

"அஸறுக்கு இடையில என்ன நடக்கப்போகுது?"

"நான் டான்ஸ் பழகப் போறன்."

ஸைனுலாப்தீன் அயர்ன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சில பதில்களுக்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் இந்த வீட்டில் கற்றுக்கொண்ட பாடம். கமீலா அபாயாவை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவளுடைய கணக்கு எளியது. லைலா வாயைத் திறந்து ஒரு சாடை காட்டினால் போதும். 'ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா' என்று சும்மா கேட்டால்கூடப் போதும். அதைப் பிடித்துக்கொண்டு புருசனை நிறுத்திவிடலாம். அந்தச் சாடை பின்னேர அஸறுத் தொழுகைக்கு முன்னால் வரவேண்டும்.

அஸ்மியாவின் கூட்டம் ஊருக்குப் புதிதல்ல. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் மட்டும் கூடி, ஆண்களுக்கு விளங்காத ஏதாவது ஒன்றைப் பழகுவார்கள். போன முறை கேக்குக்கு ஐசிங், அதற்கு முந்திய முறை ரெசினில் சாவி வளையம். இந்த முறை அஸ்மியாவின் சொந்தச் சரக்கு. புருசனுடைய வேலைக்காக இங்கிலாந்தில் சில வருடம் இருந்தபோது, பழைய காலத்து ஆட்டங்களைப் பொழுதுபோக்காக ஆடுகிற ஒரு கூட்டத்தில் அவள் சேர்ந்திருந்தாள். சேர்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று அவள் சொல்வதில்லை. அந்த மண்டபத்தில் ஹீற்றர் வேலை செய்தது.

மேல்மாடி ஹோலில் யன்னல் சீலைகளை உடுப்புக் கிளிப்பால் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். போன்களெல்லாம் ஒரு பெரிய சோற்றுச் சட்டிக்குள் போய், மேலே மூடியும் விழுந்தது. ஒரு வீடியோ வெளியே போனால் ஊரில் பாதிப்பேருக்குக் கலியாணம் கெடும், மீதிப்பேருக்குச் சிரித்து வயிறு வலிக்கும் என்று நபீஸா சொன்னாள். நபீஸா ஓய்வுபெற்ற ஆசிரியை. எது கூடும், எது கூடாது என்பதில் கூட்டத்துக்கே அவள்தான் கோர்ட்டு. பாட்டுப் பெட்டி வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் றபான் மேளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அஸ்மியா. "அந்தக் காலத்துலயும் ஒரு மேளம்தான் அடிப்பாங்க. நீட்டி ஒரு அடி, குறுக்கி ரெண்டு அடி. உடுப்பும் அப்படித்தான். பெரிய வீட்டுப் பொம்புளையள் தலைய மூடி, கை மணிக்கட்டு வரைக்கும், பாவாடை நிலத்துல இழுபட…"

"அப்ப இது எங்கட உடுப்புத்தானே" என்றாள் கமீலா. "தையல்கூலி மட்டும் கூட."

எல்லோரும் சிரித்தார்கள். கமீலா லைலாவின் முகத்தைப் பார்த்தாள். லைலா தரை ஓட்டில் ஏதோ விலை ஒட்டியிருப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாடம் மரியாதை. ஜோடிக்கு முன்னால் நின்று, ஒரு காலைப் பின்னால் இழுத்து, குனிய வேண்டும். அஸ்மியா செய்து காட்டியதும் கோர்ட்டு கூடியது.

"குனியிறதா? ஆளுக்கு முன்னால ஆள்? அது நமக்குச் சரிவராது புள்ள."

"குனியிறது இல்ல ராத்தா, சும்மா முழங்கால மடக்கிறது."

"எவ்வளவு மடக்கிற?"

"இவ்வளவு."

"கூட. கொஞ்சம் குறை."

"சரி, இவ்வளவு?"

"இன்னும் குறைக்கலாம். என்ட முழங்காலுக்கும் கட்டாது."

கடைசியில் தலை நேராக, கை நெஞ்சில், முழங்கால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சின்ன மடிப்பு. ஐரோப்பிய அரண்மனை மரியாதை சாய்ந்தமருதில் கழிவு விலைக்குப் போனது.

அடுத்தது பவான் என்ற ஊர்வல ஆட்டம். ஜோடி ஜோடியாகக் கைகோத்து, மெல்ல முன்னால் போய், நின்று, மீண்டும் முன்னால் போவது. இது கஷ்டம், உடம்பை நிமிர்த்தி யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு நடக்க வேண்டும் என்று அஸ்மியா நிறையப் பயமுறுத்தினாள். நபீஸா றபானைத் தட்டினாள். ஹோல் முழுக்க ஒரே சீராக நகர்ந்தது. தாடை உயர்ந்தது, கண் தாழ்ந்தது, அபாயாக்கள் தரையைத் தடவிக்கொண்டு போயின.

அஸ்மியா வாயைப் பிளந்தாள். "இதப் பழக எனக்கு அங்க ஒரு குளிர்காலம் முழுக்கப் போச்சு! நீங்க எங்க பழகின?"

"கலியாண ஊட்டுக்குத் தட்டுக் கொண்டு போற நடைதானே இது" என்றாள் கமீலாவின் ஜோடி கஜேந்தினி. வங்கியில் வேலை செய்பவள், பரதம் படித்தவள். கை சும்மா இருக்க மாட்டாமல் இடையிடையே ஒரு முத்திரை வைத்து அஸ்மியாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "உங்கட ஆக்கள் தட்டோட தெருவால போகக்குள்ள நான் பாத்திருக்கன். பக்கத்து ஊட்டு யன்னல் திறக்கிற வரைக்கும் ஒரு அடி கூட வைக்க மாட்டாங்க."

கமீலாவுக்கு நேர் முன்னால் லைலா போனாள். அவளுடைய முக்காட்டின் பின்பக்கத்தைப் பார்த்தபடி கமீலா அரண்மனை நடை நடந்தாள். நல்ல துணி. திருகோணமலைப் பக்கம் வாங்கியிருக்க வேண்டும். சொல்ல நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டாள்.

தேத்தண்ணி நேரத்தில் முதல் வலையை வீசினாள். லைலா பெட்டிஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கமீலா நபீஸாவிடம், பக்கத்து வளவுக்கும் கேட்கும்படியான மெல்லிய குரலில் சொன்னாள்:

"முர்ஷித் அடுத்த கிழம போறான். போறதுக்கு முந்தி ஏதும் சரிவந்தா நல்லம்தான்."

லைலா ஒரு பெட்டிஸைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் நபீஸாவிடமே சொன்னாள்:

"நபீஸா, பெட்டிஸ் ஆறுதெண்டு சொல்லு."

கமீலா அந்த வாக்கியத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். காலம் கடக்கிறது, கெதியாகச் செய் என்ற அர்த்தமா? அல்லது வெறும் பெட்டிஸா? கடித்துப் பார்த்தாள். பெட்டிஸ் உண்மையிலேயே ஆறித்தான் இருந்தது.

பிறகு கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம். எல்லோரும் இடப்பக்கம் போக வேண்டும் என்றால், பாதிப்பேர் வலப்பக்கம் போய் நடுவில் முட்டிக்கொண்டார்கள். "யா அல்லாஹ், என்ட கால்!" என்ற சத்தம் றபானுக்கு மேலால் கேட்டது. மதிய லுஹர் தொழுது, நெய்ச்சோறு தின்ற பிறகு ஆட்டம் இன்னும் கனமாகியது. தரை ஓட்டின் குளிர்ச்சியில் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்ற நிலையில், அஸ்மியா அடுத்ததை அறிவித்தாள்.

"இது உடுப்புக் கழுவுற பொம்புளையள்ட ஆட்டம். ஆத்தங்கரையில ரெண்டு பேர் சண்டை பிடிக்கிற மாதிரி. ஒரு கை இடுப்புல, மத்தக் கை விரல ஆட்டி ஒராள் ஏசணும். அடுத்து மத்தாள் ஏசணும். பொறகு கை தட்டி ஒண்டாச் சுத்திறது."

உயரத்தைப் பார்த்து அவள் ஜோடிகளை மாற்றினாள். அவள் பல வருடம் ஊரில் இல்லாதவள். சாறி விசயம் அவளுக்கு முழுதாகத் தெரியாது. கமீலாவும் லைலாவும் ஒரே உயரம்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். நபீஸா றபானைத் தொடப் பயந்தவள் போல மெல்லத் தட்டினாள். லைலா இடுப்பில் கை வைத்தாள். அவளுடைய விரல் எழும்பியது. இத்தனை வருடமாக மடக்கி வைத்திருந்த விரல். ஆட்டத்தில் அவளுக்குச் சொந்தமான தாளம் முடிந்தது, விரல் முடியவில்லை.

"நபீஸா" என்றாள் லைலா, கமீலாவின் மூக்குக்கு நேராக விரலை ஆட்டியபடி, "என்ட மருமகன் அந்தச் சேர்ட்ட இன்னும் வெச்சிருக்கார் எண்டு சொல்லு."

கமீலாவின் முறை. அவளும் இடுப்பில் கை வைத்தாள்.

"நபீஸா, கட்டுறதுக்கு முந்தின நாள் உப்புத் தண்ணியில ஊறப்போட்டிருந்தா சாயம் நிண்டிருக்கும் எண்டு சொல்லு."

"நபீஸா, கலியாணத்துக்கு முந்தின நாள் ஆரும் மணப்பொண்ணுட சாறிய உப்புல போடுவாங்களா எண்டு கேளு!"

"நான் றபான் அடிக்கிறதா, தூது போறதா?" என்றாள் நபீஸா.

ஹோல் வெடித்துச் சிரித்தது. லைலாவின் வாய் ஓரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பு வாசல் வரைக்கும் வந்து, ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கமீலா தெளிவாகக் கண்டாள். பிறகு இரண்டு பேரும் கை தட்டி, சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். லைலாவின் உள்ளங்கை வியர்த்திருந்தது. கோபத்தில் கை வியர்க்காது, தயக்கத்தில்தான் வியர்க்கும் என்பது கடைக்காரிக்குத் தெரியும். பொருளை விட மனமில்லாத கை.

ஆனாலும் சாடை வரவில்லை. சுவர் மணிக்கூடு அஸறை நோக்கி ஓடியது.

கடைசி ஆட்டம் மெழுகுதிரி ஆட்டம். அஸ்மியா ஒரு பித்தளைத் தண்டில் மெழுகுதிரியைக் குத்திக் கொண்டுவந்தாள். கமீலா ஹோலை ஒரு நோட்டம் விட்டாள்.

"கொளுத்தாத புள்ள. இங்க இருக்கிற முக்காடுல பாதி பொலியெஸ்டர்."

கொளுத்தாமலே ஆடுவதென்று முடிவானது. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். மெழுகுதிரி வைத்திருப்பவள் நடுவில் ஆடிக்கொண்டே போய், விரும்பியவளின் முன்னால் நின்று அதை நீட்ட வேண்டும். அவள் வாங்கிக்கொள்ள, இருவரும் ஒரு சுற்று ஆட, கொடுத்தவள் வட்டத்தில் நிற்பாள். வாங்கியவள் அடுத்தவளைத் தேடிப் போவாள். மிகவும் எளிது என்றாள் அஸ்மியா. காலையிலிருந்து பழகியதிலேயே இதுதான் எளிது.

அதிலேதான் எல்லாம் சிக்கியது. அஸ்மியா முதலாவதாக நபீஸாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம் புள்ள. அவவுக்குக் குடு."

பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். "ஐயோ, நான் எதுக்கு? பெரியாக்கள் இருக்கக்குள்ள." அதற்கடுத்தவள், "இப்பதானே தின்ட" என்றாள், ஏதோ சோற்றை நீட்டியது போல. மெழுகுதிரி வட்டத்தை முழுக்கச் சுற்றி, அஸ்மியாவின் கையிலேயே திரும்பி வந்தது.

"வாங்கணும்! நீட்டினா உடனே வாங்கணும்! அதுதான் ஆட்டம்!" அஸ்மியா காலை உதைத்தாள். "அங்க ஒரு ஆள்கூட வேணாம் எண்டு சொன்னதில்ல!"

"அங்க அப்படி" என்றாள் கமீலா. "இங்க முதல் கேள்விக்கே ஓம் எண்டா, அந்த ஆளுல ஏதோ பழுது எண்டு நினைப்பாங்க. நீ திருப்பிக் கேளு. மூணாந்தரம் கேட்டா எல்லாரும் வாங்குவாங்க."

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொருத்தியும் மறுத்து, மறுத்து, பிறகு பெரிய மனது பண்ணி வாங்கினாள். அரண்மனையில் ஒரு நிமிடத்தில் முடிகிற ஆட்டம் இங்கே இழுத்தது இழுத்ததுதான். றபான் அடித்து நபீஸாவுக்குக் கை கடுத்தது. ஒருவாறு மெழுகுதிரி கஜேந்தினியிடம் போனது. அவள் நேரே கமீலாவிடம் வந்து நின்றாள்.

"பிடிங்க ராத்தா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கரைப்பற்று ஆக்கள் வெளிக்கிட்டிருப்பாங்க."

வங்கிக்காரிக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. கமீலா பழக்கத்தில் "வேணாம்" என்று வாயெடுத்து, பாதியில் விழுங்கி, மெழுகுதிரியை வாங்கினாள்.

வட்டத்தில் ஒரு முகம்கூட அவளைவிட்டு நகரவில்லை. அவள் யாரிடம் போனாலும் அது வெறும் ஆட்டம். லைலாவிடம் போனால் மட்டும் அது வேறு. ஆண்பிள்ளையைப் பெற்றவள் எழும்பிப் போய்ப் பெண்ணைப் பெற்றவளின் முன்னால் கையை நீட்டுவது. கண் உள்ள எவளுக்கும் அது விளங்கும். பின்னேரம் கடற்கரைத் தெரு முழுக்க அதைத்தான் கதைக்கும்.

கமீலா இரண்டு அடி ஆடினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், லைலாவின் முன்னால் நின்றாள். நீட்டினாள்.

"எனக்கு வேணாம்" என்றாள் லைலா. "வேற ஆளுக்குக் குடு."

நபீஸா நடுவில் இல்லாமல், நேராக. இத்தனை வருடத்தில் முதல் சொல். அது மறுப்புத்தான், ஆனால் முதல் மறுப்பு. முதல் மறுப்பில் என்ன இருக்கிறது?

"பிடிகா" என்றாள் கமீலா, பழைய உரிமையில்.

"வேணாம்."

இந்த இடத்தில் என்ன செய்வதென்று கமீலாவுக்கு நித்திரையிலும் தெரியும். தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அவசரப்படாமல் நடக்க வேண்டும். காது மட்டும் பின்னால் இருக்க வேண்டும். வாசல்படி தாண்டுமுன் 'வாங்க, வாங்க, சரி எடுங்க' என்று குரல் வரும். புறக்கோட்டையில் அந்தக் குரல் வராத கடை இல்லை. அவள் தோளைக் குலுக்கினாள். திரும்பினாள். ஆடிக்கொண்டே வட்டத்தின் மறுபக்கம் நடந்தாள்.

குரல் வரவில்லை.

எப்படி வரும்? அந்த நடையை அவளோடு சேர்ந்து நடந்து பழகியவளே லைலாதான். இரண்டு பேரும் எத்தனை கடையிலிருந்து இப்படி வெளியேறியிருப்பார்கள்! கமீலா இன்னும் மெல்ல நடந்தாள். றபானும் மெல்லப் போனது. வட்டம் அந்த ஹோலை விடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. லைலா கூப்பிட மாட்டாள். கூப்பிடாமல் இருந்தால் கமீலா தானாகத் திரும்பி வருவாள் என்று அவளும் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பாள். இரண்டு பேரும் கணக்கில் வெல்வார்கள். முர்ஷித் கட்டாருக்குப் போய்விடுவான். அம்ஹாவுக்கு வேறு மாப்பிள்ளை வரும். இரண்டு கெட்டிக்கார வியாபாரிகளும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

கமீலா நின்றாள். தன் வாழ்நாளில் எந்தக் கடைக்கும் செய்யாத ஒன்றைச் செய்தாள். யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தாள். ஆடவில்லை, வெறுமனே நடந்து வந்தாள்.

"லைலா, எனக்கு உன்ட மகள் அம்ஹா வேணும். என்ட முர்ஷித்துக்கு. நானா வந்து கேக்கிறன். இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, பாக்கட்டும். சாறி விசயத்துல நான் வாய மூடியிருக்கணும். மூடல்ல."

றபான் நின்றது. யாரோ ஒருத்தியின் கையிலிருந்த விசிறிகூட நின்றது.

லைலா அவளைப் பார்த்தாள். கடைசி விலையை முதலிலேயே யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதற்குக் கீழே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது போலக் கமீலாவின் முகத்தைத் தேடினாள். ஒன்றும் இருக்கவில்லை.

"இப்படிக் கேட்டா நான் எப்படிகா பேரம் பேசுற?" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"பேச வேணாம்."

"பேசாம எப்படி? நான் எவ்வளவு சேத்து வெச்சிருக்கன் தெரியுமா? நீ வருவ, நான் முகத்தத் திருப்புவன். நீ அழுவ, நான் உள்ளுக்குப் போயி அந்தச் சேர்ட்ட எடுத்துக்கிட்டு வந்து விரிச்சிக் காட்டுவன். எல்லாம் வீணாப் போச்சே!"

"சேர்ட்டக் கொண்டு வா. பாத்து அழுவுறன்."

லைலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மெழுகுதிரியைப் பிடுங்கினாள். "அம்ஹாவும் லேசுப்பட்டவள் இல்ல. உன்ட மகன்ட பேர் ஊட்டுல அடிபட்டா, கழுவின கோப்பையத் திருப்பிக் கழுவுறாள். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கன்."

பின்னாலிருந்து யாரோ குரவை போட வாயெடுத்தாள். லைலா மெழுகுதிரியை வாள் போல ஓங்கினாள்.

"பொறுங்க! குரவையும் இல்ல ஒண்டும் இல்ல. இங்க ஆரும் ஒண்டும் கேக்கல்ல. பொம்புளப் பக்கம் நாங்க, நாங்கதான் போயிக் கேப்பம், முறையா, தட்டோட. இவ கேட்டதெண்டு வெளியில ஒரு சொல் போனா, இண்டைக்கு ஆர் ஆர் எப்படி ஆடின எண்டு நானும் ஒவ்வொரு ஊடாப் போயிச் சொல்லுவன்."

எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அன்று அந்த ஹோலில் முதல் கேள்விக்கே கிடைத்த ஒரே சம்மதம் அதுதான்.

"எப்ப வருவ?" என்றாள் கமீலா.

"ஞாயித்துக்கிழம."

"இண்டைக்கு வா. அஸறுக்கு முந்தி."

"விசரா உனக்கு? தட்டு வேணும், என்ட மனுசன் வேணும், கூடப் பொறந்த காக்காவ நிந்தவூர்ல இருந்து கூப்பிடணும்…"

"அஸறுக்குப் பொறகு அக்கரைப்பற்று ஆக்கள் முர்ஷித்தக் கேட்டு வாறாங்க. இவர் ஓம் எண்டு சொல்லப்போறார்."

கஜேந்தினிக்குத் தெரிந்தது லைலாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. கதை இல்லாத வீட்டுக்குச் செய்தியும் சுற்றித்தான் போகும். அவளுடைய வாய் திறந்தபடி நின்றது.

"இத முதல்லயே சொல்லியிருந்தா நான் நீட்டின உடனே பறிச்சிருப்பனே!"

"தெரியும். அதுக்குத்தான் சொல்லல்ல."

அடுத்த கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லாமல் யாராவது பேரம் பேசுவார்களா? கையில் இருந்ததிலேயே கனமான படிக்கல்லைக் கமீலா தராசில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள். லைலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள், தூசி விழுந்தது போல. அடுத்த கணம் மெழுகுதிரியை அஸ்மியாவின் கையில் திணித்துவிட்டுச் சோற்றுச் சட்டிக்கு ஓடினாள்.

"ராத்தா, ஆட்டம் இன்னும் முடியல்ல!" என்றாள் அஸ்மியா.

"மிச்சத்த நீ ஆடு புள்ள!"

சட்டிக்குள் கையை விட்டு, பிறத்தியாரின் போன்களை வாரி வெளியே எறிந்து, தன்னுடையதைத் தேடிப் பிடித்து, படி இறங்கியபடியே புருசனை அழைத்தாள். "எங்க நிக்கிறீங்க? சேர்ட்ட மாத்துங்க. ஏன் எண்டு கேக்காதீங்க, மாத்துங்க!" கமீலா பின்னாலேயே இறங்கினாள். தெருவில் ஒரு ஓட்டோ நின்றது. லைலாவின் ஸ்கூட்டி மதிலோரம் நின்றது. லைலா சாவியைப் போட்டாள். போட்ட கையோடு திரும்பினாள்.

"நீ முதல் போ. நான் வந்து சேரக்குள்ள நீ ஊட்டுல இல்லாட்டி நான் ஆரக் கேக்கிற?"

கமீலா ஓட்டோவுக்குள் ஏறினாள்.

"கமீலா! ஒரு விசயம்" என்று லைலா ஸ்கூட்டியை ஓட்டோவின் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தாள். "நாங்க வந்து கேட்ட உடனே ஓம் எண்டு சொல்லிராத. என்ட காக்கா இருப்பார். வெக்கக்கேடு."

"எத்தின தரம் வேணாம் எண்டு சொல்ல?"

"ரெண்டு."

"நேரம் எங்க இரிக்கி? ஒண்டு."

"ஒண்டு காணாது. ரெண்டாவத மெதுவாச் சொல்லு, அரைவாசி மாதிரி."

"ஒண்டரை."

"ஒண்டரைய எப்படிகா சொல்லுற?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சாமானுக்கு இந்த விலை என்று அவருக்கு விளங்கவில்லை. பள்ளிவாசல் பக்கம் அஸறு பாங்குக்காக ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. லைலா ஸ்கூட்டியை முறுக்கினாள்.

"சரி, ஒண்டு! ஆனா முகத்த நல்லாச் சுழிச்சிக்கிட்டுச் சொல்லு!"